4கே டிஸ்க் பார்க்க: கணினியோடு வெளி டிரைவா, தனிப் பிளேயரா?

பிரான்சில் உறவினர் இல்லாத வீடுகள் குறைவாக இருக்கும் புதுச்சேரித் தெரு ஒன்றில் வசிப்பதால், விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்த 4கே அல்ட்ரா எச்.டி. புளூரே டிஸ்க்குகள் எங்கள் அலமாரியிலும் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பார்ப்பதற்கு, வீட்டில் இருக்கும் கணினியில் யு.எஸ்.பி. வழியே வெளி டிரைவ் ஒன்றைச் செருகுவதா, டி.வி.க்கு அடியில் தனிப் பிளேயர் ஒன்றை வைப்பதா என்று விசாரித்து, நான் பிளேயரையே வாங்கினேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

படத்தின் தரத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இரண்டு வழியிலும் டிஸ்கில் இருப்பதே திரைக்கு வருகிறது. டிரைவ் சிறியது, பையில் போட்டுக்கொள்ளலாம், கல்யாண வீடியோவை டிஸ்கில் எழுதியும் கொடுக்கலாம். பிளேயரால் அது முடியாது. வேகமும் தடையில்லை: மூன்றடுக்கு 100 ஜி.பி. டிஸ்கிலிருந்து தகவல் வரும் உச்ச வேகம் நொடிக்கு 150 மெகாபிட்டுக்கும் குறைவே, யு.எஸ்.பி. 3.0 அதை எளிதாகத் தாங்கும்.

சிக்கல் முழுவதும், நகலெடுப்பதைத் தடுக்க டிஸ்கில் போட்டிருக்கும் பூட்டில் இருக்கிறது. இந்த டிஸ்க்குகள் 2016-இல் சந்தைக்கு வந்தன. கணினியில் அவற்றை முறைப்படி பார்க்கும் வழி 2017-இல்தான் திறந்தது. ஏ.ஏ.சி.எஸ். 2.0 என்னும் குறியாக்கத்தின் சாவியைக் கணினிக்குள் யாரும் எட்டிப்பார்க்க முடியாத இடத்தில் வைத்தே திறக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த இடமாக, இன்டெல் பிராசசரில் உள்ள எஸ்.ஜி.எக்ஸ். என்னும் வசதியை எடுத்துக்கொண்டார்கள். விண்டோஸே கேட்டாலும் அதன் உள்ளே இருப்பதை அது காட்டாது. 7-ஆம் தலைமுறை முதல் 10-ஆம் தலைமுறை வரையிலான கோர் பிராசசர்கள் இதற்குப் பொருந்தின. ஏ.எம்.டி. பிராசசருக்கும் மேக் கணினிக்கும் தொடக்கத்திலிருந்தே இடமில்லை. 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் அந்த வசதியையே கோர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. அதாவது, இன்று கடையில் நீங்கள் வாங்கும் விலையுயர்ந்த புது லேப்டாப்பை விட, பழைய 8-ஆம் தலைமுறை கணினிக்கே இந்த வேலையில் தகுதி அதிகம்.

சரியான பிராசசர் இருந்தால் மட்டும் போதாது. பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை அமைப்புகளில்) எஸ்.ஜி.எக்ஸ். இயக்கப்பட்டிருக்க வேண்டும், படம் இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸ் வழியே வெளியேற வேண்டும், கேபிளில் போகும் படத்தை நகலெடுக்காமல் காக்கும் எச்.டி.சி.பி. 2.2 முறையைத் திரை அறிந்திருக்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டோடு எச்.டி.எம்.ஐ. துளை இணைக்கப்பட்ட லேப்டாப் என்றால் அங்கேயே கதை முடிந்தது. அந்தக் காலத்து இன்டெல் சிப்புகளில் பெரும்பாலானவை நேரடியாகத் தருவது எச்.டி.எம்.ஐ. 1.4 மட்டுமே என்பதால், தயாரிப்பாளர் கூடுதலாக ஒரு மாற்றுச் சிப்பைப் பொருத்தியிருந்தால்தான் 4கே படத்துக்கு வேண்டிய 2.0 கிடைக்கும், லேப்டாப்பின் வெளிப்புறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

கணினியில் இந்த டிஸ்க்குகளை ஓட்டும் பவர்டி.வி.டி. மென்பொருளை விற்கும் சைபர்லிங்க், இதைச் சோதிப்பதற்கென்றே ஒரு சிறு கருவியை இலவசமாகக் கொடுத்தது. அதை என் மைத்துனரின் 11-ஆம் தலைமுறை லேப்டாப்பில் ஓட்டிப்பார்த்தோம். இயங்குதளம், பிராசசர், கிராபிக்ஸ், எஸ்.ஜி.எக்ஸ்., திரை என்று வரிவரியாகப் பட்டியல் வந்தது, எஸ்.ஜி.எக்ஸ். வரியில் பொருந்தாது என்று இருந்தது. மற்ற வரிகளைப் படிக்கவே தேவையில்லாமல் போயிற்று. எல்லா வரியும் ஒருசேரத் தேறினால்தான் படம் ஓடும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதற்கு அடுத்த கட்டம். இன்று எல்லாம் தேறிய கணினி, நாளைய அப்டேட்டுக்குப் பிறகும் தேறும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. 4கே டிஸ்க் பார்ப்பவர்கள் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டாம் என்று சைபர்லிங்க்கே அறிவுறுத்தியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும் நடக்கும் கணினியைப் படம் பார்ப்பதற்காகப் பழைய இயங்குதளத்திலேயே நிறுத்திவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கென்று பழைய கணினி ஒன்றைத் தனியாக ஒதுக்கினால், பிளேயரை விடப் பெரிய பெட்டியும் அதிகக் கேபிள்களுமே மிஞ்சும்.

பிளேயரில் இந்தப் பூட்டு வேலை முழுவதும் ஒரே நிறுவனத்தின் பெட்டிக்குள் முடிந்துவிடுகிறது. எப்போதாவது புதுப் பர்ம்வேரை (பிளேயரின் உள் மென்பொருளை) பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் போதும். டி.வி.யில் எச்.டி.சி.பி. 2.2 உள்ள துளை எது என்று மட்டும் பார்த்துச் செருக வேண்டும், சில டி.வி.களில் எல்லாத் துளைகளும் அப்படி இருப்பதில்லை. இதற்கும் ஒரு கவலை உண்டு: ஓப்போ 2018-இல் பிளேயர் தயாரிப்பை விட்டு விலகியது, சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய பிளேயர்கள் இல்லை என்று அறிவித்தது. தேர்வு சுருங்கிக்கொண்டே வருகிறது. கடற்காற்றின் ஈரமும் உப்பும் லென்ஸுக்கு ஆகாதவை என்பது டிரைவுக்கும் பிளேயருக்கும் பொது. தட்டைத் திறந்து வைக்காமல், மேலே ஒரு துணி போட்டு வைக்கிறேன்.

குறிப்பிட்ட சில டிரைவ்களைக் கொண்டு பூட்டையே உடைத்துப் படத்தைக் கோப்பாக எடுக்கும் வழியையும் சிலர் சொல்வார்கள். அதற்கு எஸ்.ஜி.எக்ஸ். தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. அந்தப் பக்கம் நான் போகவில்லை.

டிஸ்க் தட்டுள்ள பிளேஸ்டேஷன் 5-உம் 4கே டிஸ்கை ஓட்டும், ஒளியையும் நிறத்தையும் காட்சிக்குக் காட்சி சரிசெய்யும் டால்பி விஷன் மட்டும் வராது. நண்பர் வீட்டில் ஓரிரு படம் பார்த்ததோடு சரி. நெடுநாள் உழைப்பைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு எனக்கு அதில் பழக்கமில்லை. விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பொருந்தலாம்.

டிரைவ் வெல்லும் இடமும் ஒன்று உண்டு. ஒரு பகுதியில் விற்ற டிஸ்கை வேறு பகுதியின் பிளேயரில் ஓடவிடாத மண்டலக் கட்டுப்பாடு 4கே டிஸ்க்குக்குக் கிடையாது. ஆனால் அதே பெட்டியில் வரும் சாதாரண புளூரே, பிரான்சில் வாங்கியதென்றால் பல வேளைகளில் ‘பி’ மண்டலம். இந்தியாவில் விற்கும் பிளேயர் ‘சி’ மண்டலம். கூடுதல் காட்சிகளும் பேட்டிகளும் பெரும்பாலும் அந்தச் சாதாரண டிஸ்கில்தான் இருக்கும். கணினி மென்பொருளில் மண்டலத்தைச் சில முறை மாற்றிக்கொள்ள இடமிருப்பதால், பழைய புளூரே டிரைவை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன்.