ஷாத்தோ முசார் 2016: லெபனானின் சிவப்பு ஒயின்

ஷாத்தோ முசாரைச் சுவைக்க விரும்புபவர் அதற்கென ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நான் திறந்தது 2016ஆம் ஆண்டு அறுவடையின் புட்டி. கார்க்கை எடுத்ததும் காடியின் கூர்மையும் நகப்பூச்சை நினைவூட்டும் ஒரு நெடியுமே முந்திக்கொண்டன. பழ மணம் எங்கோ பின்னால் ஒதுங்கியிருந்தது. ஆவியாகும் அமிலம் சற்றுத் தூக்கலாக இருப்பது இந்த ஒயினுக்கு உரிய இயல்பு என்பதை அறிந்திருந்ததால், அவசரப்படாமல் அதைக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி மூன்று மணி நேரம் காற்றாட விட்டேன்.

அதன்பின் கோப்பையில் இருந்தது வேறொரு ஒயின். மாதுளைச் சாற்றின் நிறம். ஓரத்தில் மட்டும் செங்கல் சாயல். உலர்ந்த அத்தியும் செர்ரியும் கிராம்பும் பதனிட்ட தோலும் ஒன்றன்பின் ஒன்றாக மணத்தில் வந்தன. நாவில் பழத்தின் கனிவோடு தொடங்கி, நடுவில் புளிப்பு ஏறி, விழுங்கிய பிறகு நாவற்பழம் தின்றாற்போன்ற மெல்லிய துவர்ப்பு நெடுநேரம் நிற்கிறது. அந்தத் துவர்ப்புக்காகவே இதை நான் மீண்டும் வாங்குவேன்.

காஸ்டோன் ஹோஷார் 1930இல் பெய்ரூட்டுக்கு வடக்கே கசீரில் இந்த ஆலையை நிறுவினார். திராட்சைத் தோட்டங்களோ மலைத்தொடருக்கு அப்பால், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், பெக்கா பள்ளத்தாக்கில் உள்ளன. 1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போது, பறித்த பழங்களைச் சண்டை நடக்கும் பகுதிகளைக் கடந்து லாரியில் கொண்டுவர வேண்டியிருந்தது. 1976இல் மட்டும் ஒயின் செய்யவே இயலவில்லை. 1959இல் பொறுப்பேற்ற மகன் செர்ஜ் ஹோஷார் அத்தனை ஆண்டுகளும் வேலையை விடாமல் நடத்தியதை எண்ணும்போது, இந்தக் குடும்பத்தின் மீது எனக்குள்ள மதிப்பு சுவையைத் தாண்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கபர்னே சோவிஞோன், சென்சோ, காரின்யான் ஆகிய மூன்று திராட்சைகளையும் சிமெண்டுத் தொட்டிகளில் தனித்தனியே நொதிக்கவைத்து, பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் ஓராண்டு வைத்திருந்து, பிறகே கலக்கிறார்கள். புட்டியில் அடைத்த பின்னும் நிலவறையில் காத்திருக்கும் இந்த ஒயின், அறுவடை முடிந்த ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வருகிறது. வடிகட்டாமல் அடைப்பதால் அடியில் வண்டல் படியும். ஆகவே திறப்பதற்கு முந்தைய நாளே புட்டியை நிமிர்த்தி வைத்துவிடுவது நல்லது.

விலை குறைவன்று. பளிச்சென்ற இளம் பழச்சுவையை நாடுபவர்களுக்கு, ஓக் பீப்பாயில் வைக்காமல் இதே நிறுவனம் தயாரிக்கும் முசார் ழூன் பொருத்தமாக இருக்கும். இதற்கோ கரியில் சுட்ட ஆட்டிறைச்சி போன்ற கனமான உணவு துணை வேண்டும். மிச்சம் வைத்த இரண்டு கோப்பையை மறுநாள் மாலை குடித்தபோது, அந்த முதல் நெடி முற்றிலும் அடங்கி, அத்திப்பழ மணம் முதல் நாளைவிடத் தெளிவாக எழுந்தது.