கல்லடி கடற்கரை வீடு: செமஸ்டர் கடைசிக் கூடுகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். கம்பஸ் கிறிஸ்தவ ஐக்கியத்தில் பொறுப்பாக இருக்கிற யாராவது, செமஸ்டர் முடியப்போகிறது, பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று தேடிக்கொண்டிருந்தால், 30 பேருக்குள் என்றால் இந்த வீட்டைத் தாராளமாக எடுங்கள். அதைவிடக் கூட ஆட்கள் என்றால் வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, இணையத்தில் தேடினாலும் வராது. மட்டக்களப்பு டவுனில் இருந்து கல்முனை பஸ் ஏறி, கல்லடிப் பாலம் தாண்டி இறங்கி, கடற்கரைப் பக்கம் நடந்தால் சுனாமிக்குப் பிறகு கட்டின வீடுகளில் ஒன்று. முன்னால் வேப்பமரம், பின்னால் பெரிய முற்றம், சுற்றிவர மதில். சொந்தக்கார அம்மாவை நாங்கள் எல்லாரும் மாமி என்றுதான் கூப்பிடுவோம். தெரிந்தவர்கள் மூலமாக வருகிறவர்களுக்குத்தான் கொடுப்பார், அதனால் பெயரும் நம்பரும் இங்கே போடவில்லை. மட்டக்களப்பில் உங்கள் சபையின் வாலிபர் பொறுப்பாளரிடம் விசாரித்துப் பாருங்கள், வழி கிடைக்கும்.

வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முதல் எந்த நாளில் எடுப்பது என்று சொல்லவேண்டும், ஏனென்றால் நாள் பிழைத்தால் வீடு எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோசனமில்லை. பரீட்சை முடிந்த பிறகு வைத்தால் பிள்ளைகள் ஆறுதலாக வருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அது சரிவராது. வந்தாறுமூலையில் ஒவ்வொரு பீடத்துக்கும் ஒவ்வொரு நாளில் பரீட்சை முடியும், மருத்துவமும் தாதியமும் படிக்கிற பிள்ளைகள் டவுன் பக்கம், விபுலானந்தா நிறுவகத்துப் பிள்ளைகள் கல்லடியில், கடைசிப் பேப்பர் எழுதின கையோடு ஒரு கூட்டம் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஏறிவிடும், மலையகப் பிள்ளைகள் செங்கலடிச் சந்தியில் பேக்கோடு நின்று பதுளை பஸ்ஸை மறிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது, மாதக்கணக்காக அம்மாவைக் காணாத பிள்ளைகள். ஆகவே விரிவுரை முடிகிற கடைசி வாரம், அதாவது 15ஆவது வாரம், ஸ்டடி லீவ் தொடங்குவதற்கு முதல் வெள்ளி பின்னேரம் வந்து சனி பின்னேரம் கலைவதுதான் சரி. அசைன்மென்ட் கொடுத்து முடிந்திருக்கும், பரீட்சைப் பயம் இன்னும் தலைக்கு ஏறியிருக்காது, ஞாயிறு அவரவர் சபைக்கும் போகலாம்.

இதற்கு முதல் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வைத்தோம். ஏசி, மைக், மேடை, பஃபே எல்லாம் ஒரே கட்டணத்தில். பின்னேரம் நாலு மணிக்கு அடுத்த நிகழ்ச்சிக்காரர் வாசலில் பூக்கூடையோடு வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே இறுதி வருடப் பிள்ளை ஒருத்தி அழுதழுது சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள், பின்னால் ஊழியர் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். அவள் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். நாலு வருடம் எங்களோடு இருந்த பிள்ளை, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமலே ஊருக்குப் போய்விட்டாள், இன்றைக்கும் அது என் மனதை விட்டுப் போகவில்லை. மண்டபம் எடுத்தால் நிகழ்ச்சியும் மண்டபத்துக்கு ஏற்ற மாதிரித்தான் வரும்: வரவேற்புரை, விசேட பாடல், சிறப்புப் பேச்சாளர், நன்றியுரை. செமஸ்டர் முழுக்க விரிவுரை கேட்டுக் களைத்த பிள்ளைகளைக் கடைசி நாளிலும் வரிசையில் இருத்தி இன்னொரு பேச்சைக் கேட்க வைக்கவேண்டுமா? அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது ஒருவரோடு ஒருவர் கதைக்க நேரம். போகிறவர்கள் போவதற்கு முதல் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போக நேரம்.

அதற்கு ஏற்ற இடம் இந்த வீட்டு விறாந்தை. வீட்டின் மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிற அகலமான விறாந்தை, குளிர்ந்த சீமெந்துத் தரை, மாமியே பாய்கள் வைத்திருக்கிறார். மைக் இல்லை, மேடை இல்லை, ஆகவே யாரும் நிகழ்ச்சி நடத்த முடியாது. நாங்கள் அங்கே வைப்பது ஒரே ஒரு விஷயம்தான், இறுதி வருடப் பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு முதலாம் வருடப் பிள்ளையோடு ஒரு மூலையில் போய் இருந்து கதைப்பது. எந்தப் பாடத்தில் ரிப்பீட் வந்தது, அந்த நேரம் ஜெபிக்க முடிந்ததா, ராகிங் நாட்களில் யார் பக்கத்தில் நின்றார்கள், ஐக்கியத்தை விட்டு விலகி இருந்த செமஸ்டரில் யார் தேடி வந்தார்கள், இப்படி. மேடையில் ஒருவரும் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள்.

போன முறை மன்னார்ப் பிள்ளை ஒருத்தி தன் ஜூனியரிடம் ஒரு சிஆர் கொப்பியைக் கொடுத்தாள். மட்டை கிழிந்து செலோடேப் ஒட்டின கொப்பி. ஹொஸ்டலில் புதன்கிழமை ஜெபத்துக்கு வந்தவர்கள் கேட்ட காரியங்கள் பெயர் பெயராக எழுதியிருந்தது: அப்பாவின் வேலை, அண்ணாவின் குடி, மகாபொல உதவிப்பணம் வரவில்லை, தங்கச்சியின் ஓஎல். ஆண்டவர் பதில் கொடுத்தவைக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் திகதி போட்டிருந்தாள். சிலதுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அந்த வெறும் இடங்களை விரலால் தொட்டுக் காட்டி, “இதெல்லாம் இன்னும் வராதது, விட்டுடாம கேளு தங்கச்சி” என்றாள். அந்த ஜூனியர் மலையகப் பிள்ளை, வீட்டில் அவள் ஒருத்திதான் விசுவாசி, அதுவரை கூடுகையில் வாய் திறந்து ஜெபித்ததே இல்லை. இப்போது அந்தக் கொப்பி அவளிடம், புதன் ஜெபத்தை நடத்துவதும் அவள்தான்.

சனி விடியற்காலை கடற்கரைக்குப் போகலாம், நடந்து போகிற தூரம். அப்போஸ்தலர் 20, 21ஆம் அதிகாரங்களை அங்கே இருந்து வாசித்துப் பாருங்கள். எபேசுவின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து, இனி என் முகத்தைக் காணமாட்டீர்கள் என்று பவுல் சொல்ல அவர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், அடுத்த அதிகாரத்தில் தீரு பட்டணத்துச் சபை பெண்கள் பிள்ளைகளோடு கடற்கரைக்கே வந்து முழங்காற்படியிட்டு ஜெபித்து வழியனுப்புகிறது. விடைபெறுவதை அவசரமாக முடிக்காமல் அதற்கென்று நேரம் ஒதுக்கின சபைகள் அவை. நாங்களும் மணலில் முழங்கால் போட்டோம், தமிழிலும் சிங்களத்திலும் ஜெபித்தோம். எங்கள் ஐக்கியத்தில் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

புதிய கமிட்டிப் பிள்ளைகள் பயந்து போயிருப்பார்கள், எங்களால் ஏலாது, ஒரு வருடத்தில் என்ன செய்வது என்பார்கள். அவர்களுக்கு நான் வில்லியம் ஓல்டைத்தான் சொல்வேன். 1814இல் மட்டக்களப்பில் வந்து இறங்கின மெதடிஸ்த மிஷனரி, 1815இல் இங்கேயே இறந்துபோனார், ஒரு வருடம்கூட முழுசாக இருக்கவில்லை. அதற்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டார், அவர் போட்ட அத்திவாரத்தில்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றைக்கும் நிற்கிறது. டவுனில் தினமும் அந்த வழியாகப் போகிற பிள்ளைகளுக்கு நான் வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

சரி, சாப்பாடு. வெள்ளி இரவு பிட்டு, மீன் சொதி, கட்டைச் சம்பல். மாமியின் பிட்டு கையில் எடுத்தால் உதிரும், ஆனால் வறண்டு தொண்டையில் நிற்காது, குழலில் தேங்காய்ப்பூவை அவ்வளவு தாராளமாகப் போடுவார். சொதியில் கீரி மீன், அன்றைக்குக் கரைக்கு வந்தது. கதையில் இருந்த பிள்ளைகளை “பிட்டு ஆறுது, மறுகா கதைக்கலாம், வாங்க மனே” என்று ஒவ்வொரு மூலையாகப் போய்க் கூப்பிட்டார். சனி மத்தியானம் சோறு, கோழிக்கறி, பருப்பு, கீரை, கடைசியில் சட்டித் தயிர், சீனி போட்டு. தேங்காய் துருவவும் வெங்காயம் உரிக்கவும் பிள்ளைகளைக் குசினிக்குள் விடுவார், விறாந்தையில் வாய் திறக்காதவர்கள் அங்கே திறப்பார்கள். லீவுக்கு ஊருக்குப் போக மனமில்லை, அப்பா குடிக்கிறார் என்று ஒரு தம்பி சொன்னது துருவலையில் இருந்துகொண்டுதான். பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளை யார், லீவில் ஹொஸ்டலிலேயே நிற்கப்போவது யார், ஊரில் போக சபை இல்லாதது யாருக்கு என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும், கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கலைகிற நேரம் மாமி சோத்துப் பார்சல் கட்டித் தருவார், வராத பிள்ளைகளுக்கு. நாங்கள் கேட்கவில்லை, அவராகவே எத்தனை பேர் வரவில்லை என்று விசாரித்துக் கட்டினார். செமஸ்டர் பாதியில் வராமல் நின்றுவிட்ட பிள்ளையின் அறைக் கதவைத் தட்ட அதைவிட நல்ல சாட்டு கிடைக்காது. பார்சலோடு போன எங்கள் தம்பிமாரை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அதற்குப் பிறகு எந்தத் தாய் தகப்பனும் எங்கே, யாரோடு, எத்தனை மணி வரை என்று கேட்காமல் விடுவதில்லை, கேட்கவும் வேண்டும். மாமி வாசலில் எல்லாருடைய பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி எடுக்கிறார், படலை இரவு பூட்டியிருக்கும், பெண் பிள்ளைகள் உள் அறைகளில், ஆண் பிள்ளைகள் விறாந்தையில், மாமியும் அங்கேயே தங்குகிறார். வீட்டுக்காரரோடு போனில் கதைக்கவேண்டும் என்று கேட்ட ஒரு அப்பாவுக்கு மாமியே எடுத்துக் கதைத்தார்.

குறைகள் இருக்கின்றன. மலசலகூடம் இரண்டே இரண்டு, 30க்கு மேல் வேண்டாம் என்று சொன்னது அதற்காகத்தான், காலையில் வரிசை நிற்கும். நுளம்பு வலை உள் அறைகளில் மட்டும், விறாந்தையில் படுப்பவர்கள் கொண்டுபோக வேண்டும், டெங்கு பரவுகிற ஊரில் இதில் அசட்டை கூடாது. குடிக்கிற தண்ணீர் போத்தலில் வாங்குங்கள், கிணற்றுத் தண்ணீர் லேசாக உவர்க்கிறது. இரவு ஒன்பதரைக்குப் பிறகு கிட்டார் சத்தம் கேட்கக்கூடாது என்பது மாமியின் சட்டம், பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமும்தான். பெரிய குறை மழை. நவம்பர் தொடங்கி வாடைக்காற்று மழை அடித்தால் முற்றம் முழுக்கத் தண்ணீர், விறாந்தையின் கடல் பக்கம் சாரல், இருக்க முடியாது. கடலும் அந்த மாதங்களில் பொல்லாதது, கால் நனைக்கக்கூட விடாதீர்கள். உங்கள் செமஸ்டர் மழைக்காலத்தில் முடிகிறதென்றால் ஏதாவது ஒரு சபை மண்டபத்தையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.

காசு விஷயத்தில் நேர்மையானவர். வீட்டுக்கு ஒரு வாடகை, சாப்பாட்டுக்கு அன்றைய சந்தை விலைப்படி தனிக்கணக்கு, துண்டில் எழுதித் தருவார். மாணவர் என்றால் குறைப்பார். மிச்சப்பட்ட காசை நாங்கள் ஊருக்குப் போக பஸ் காசில்லாத பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம், ஹோட்டல் மண்டபம் எடுத்திருந்தால் அந்தக் காசு கையில் மிஞ்சியிருக்காது.

பரீட்சை அட்டவணை வரும் வரைக்கும் நிற்காமல், செமஸ்டர் தொடங்கி கலண்டர் கைக்கு வந்த கிழமையே மாமிக்குச் சொல்லி வையுங்கள். ஏப்ரலிலும் டிசம்பரிலும் மாமியின் சொந்தபந்தங்கள் வருவதால் வீடு கிடைக்காது. பெட்ஷீட், டோர்ச், நுளம்பு வலை கொண்டுபோங்கள், இரவு கரண்ட் போனால் ஜெனரேட்டர் இல்லை.