கூப்பர்ஸ் வீட்டு பீர் கிட்: பாத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரைப் பையை மாற்றுங்கள்

ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே பீர் போட்டுப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பலருக்கும் முதலில் கையில் கிடைப்பது கூப்பர்ஸ் கிட்தான். 1862இல் தாமஸ் கூப்பர் அடிலெய்டில் தொடங்கிய பீர் ஆலை அது. இன்னமும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பெட்டியில் என்னென்ன வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். வழக்கமாக வருபவை இவை: அடியில் குழாய் வைத்த 30 லிட்டர் நொதிகலன், நுரை வளையம், மூடி, நீளக் கரண்டி, ஹைட்ரோமீட்டர் (நீர்மத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி), கலனில் ஒட்டும் தெர்மாமீட்டர் பட்டை, பாட்டில் நிரப்பும் குச்சி, 740 மில்லி பழுப்பு பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில்கள் 30, சர்க்கரை உருண்டைகள், 1.7 கிலோ மால்ட் டப்பா, 'பிரூ என்ஹான்சர் 1' என்ற 1 கிலோ பை. ஒரு தடவைக்கு 23 லிட்டர். அடியில் தங்கும் வண்டல் போக 30 பாட்டிலும் நிறைந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாமான்கள் தரமானவை, பல வருடம் உழைக்கும். மால்ட் டப்பாவும் குறை சொல்லும்படி இல்லை. அந்த 1 கிலோ பைதான் பலவீனமான இடம். நல்ல பீருக்குக் கட்டாயம் தேவைப்படும் இரண்டு விஷயங்கள், கிருமிநீக்கியும் வெப்பக் கட்டுப்பாடும், பெட்டிக்குள் இருப்பதில்லை. வீட்டு பீர் என்றதும் மூக்கைச் சுளிப்பவர்கள் குடித்திருக்கும் மட்டமான பீரெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் வந்ததுதான்.

டப்பாவில் இருப்பது தேன் பதத்தில் இறுகிய மால்ட் சாறு. பார்லியை முளைகட்டி, வெந்நீரில் ஊறவைத்து, சாறு இறக்கி, ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் கசப்பும் சேர்த்து, நீரை வற்றவைத்து ஆலையே அடைத்துத் தருகிறது. நாம் செய்வது கரைப்பதும் நொதிக்கவிடுவதும்தான். இது கடையில் வாங்கிய இட்லி மாவு மாதிரி என்று தேர்ந்த கைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். தானியத்திலிருந்தே ஆரம்பித்தால், பீர் கெட்டுப்போகும்போது தப்பு ஊறலிலா, கொதியிலா, நொதியிலா என்று கண்டுபிடிக்க முடியாது. டப்பாவில் தொடங்கினால் சந்தேகப்பட ஒரே இடம்தான்.

இப்போது அந்தப் பை. அதில் இருப்பது டெக்ஸ்ட்ரோஸும் மால்டோடெக்ஸ்ட்ரினும். டெக்ஸ்ட்ரோஸை ஈஸ்ட் துளி விடாமல் தின்றுவிடும். ஆல்கஹால் வரும், சுவையில் ஒன்றும் மிஞ்சாது. மால்டோடெக்ஸ்ட்ரின் கொஞ்சம் கனம் தரும், அவ்வளவுதான். அதற்குப் பதில் மால்ட் பொடியும் கலந்த 'என்ஹான்சர் 2', அல்லது முழுக்க 1 கிலோ வெளிர் மால்ட் பொடி போடுங்கள். பீர் ஒல்லியாக இருக்காது, நுரையும் நிலைத்து நிற்கும். வீட்டில் இருக்கிறதே என்று 1 கிலோ வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டுவது மட்டும் வேண்டாம். தண்ணியான, உயிரில்லாத பீர்தான் கிடைக்கும்.

மால்ட் பொடியில் ஒரு தொல்லை உண்டு. ஆவி பட்டதும் கொதிநீரில் போட்ட ரவை மாதிரி கட்டிக்கொள்ளும், பொட்டலத்தின் வாயே ஒட்டிப்போகும். அதனால் முதலில் 2 லிட்டர் குளிர்ந்த நீரில் பொடியைத் தூவிக் கலக்கி, அதன் பிறகு சூடாக்குங்கள். மால்ட் டப்பாவின் மேல்மூடியையும் அதனடியில் உள்ள ஈஸ்ட் பொட்டலத்தையும் எடுத்துவிட்டு, டப்பாவைத் திறக்காமல் 15 நிமிடம் வெந்நீரில் நிறுத்திவைத்தால் சாறு தானாக வழியும். ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி அதையும் கலனில் ஊற்றிவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் சுத்தம். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, பிறகு ஸ்டார் சான் போன்ற, அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநீக்கியை 1 லிட்டருக்கு 1.5 மில்லி வீதம் கலந்து எல்லாப் பரப்பிலும் படும்படி தெளித்து 1 நிமிடம் விட்டால் போதும். மிஞ்சும் நுரையைப் பற்றிக் கவலை வேண்டாம். பிளீச் பக்கம் போகாதீர்கள். அதன் குளோரின் கொஞ்சம் தங்கினாலும் பீரில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாடை ஏறும், அது போகவே போகாது. குழாய்த் தண்ணீரின் குளோரினாலும் இதே வாடை வரலாம். 23 லிட்டருக்கு, குளோரினை முறிக்கும் கேம்ப்டன் மாத்திரையில் அரையைப் பொடித்துக் கலக்கினால் அந்தப் பயம் தீரும். கலனைக் கம்பி நாரால் தேய்க்கவே கூடாது. பிளாஸ்டிக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் பாக்டீரியாவுக்குக் குடியிருப்பு.

பழகியவர்களும் கோட்டைவிடும் இடம் குழாய். கலனிலிருந்து கழற்றி வெளியே கழுவினால் பார்க்க சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழாய் இரண்டு உருளைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகியது. வெந்நீரில் சில நிமிடம் போட்டு, உள் உருளையைப் பின்பக்கமிருந்து அழுத்தித் தள்ளினால் பிரியும். போன தடவையின் ஈஸ்ட் அங்கே பழுப்பு மாவாக ஒட்டியிருக்கும். இரண்டாவது மூன்றாவது தடவையிலிருந்து பீர் லேசாகப் புளிக்க ஆரம்பித்தால், டப்பாவைத் திட்டுவதற்கு முன் குழாயைப் பிரித்துப் பாருங்கள்.

வெப்பம்தான் அடுத்தது. டப்பாக் குறிப்புகள் 27 டிகிரி வரைகூடத் தாராளமாக இடம் கொடுக்கும். அந்தச் சூட்டிலும் பீர் உண்டாகும். ஆனால் வாழைப்பழ எசன்ஸ் வாடையும், தொண்டையில் சுரீரென்று இறங்கும் முரட்டு ஆல்கஹாலும் கூடவே வரும். 18 முதல் 20 டிகிரிக்குள் வையுங்கள். அறைச் சூட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். நொதிக்கும்போது ஈஸ்டே சூடு கிளப்பும், கலன் அறையைவிட 2 முதல் 4 டிகிரி அதிகமாக ஓடும். முதல் 3 நாள் சூடுதான் சுவையைத் தீர்மானிக்கிறது. பிறகு சற்று ஏறினால் பாதகமில்லை, நல்லதும்கூட.

கரைக்கும்போதே கணக்குப் போடுவது எளிது. 2 லிட்டர் கொதிநீரோடு 24 டிகிரி குழாய்த் தண்ணீரை 23 லிட்டர் வரை விட்டால் கலவை சுமார் 30 டிகிரியில் நிற்கும். அந்தத் தண்ணீரில் 8 லிட்டரை ஃபிரிட்ஜில் குளிரவைத்து ஊற்றினால் சுமார் 23 டிகிரிக்கு இறங்கும். 20 லிட்டர் நிரம்பியதும் பட்டையைப் பார்த்து, மீதி 3 லிட்டரைச் சூடாகவோ ஜில்லென்றோ விட்டுச் சரிசெய்யலாம். இந்த ஒரு தருணத்தில் மட்டும் தண்ணீரை உயரத்திலிருந்து சலசலவென்று ஊற்றுங்கள். ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும். நொதித்த பிறகு காற்றுப் பட்டால் அதே ஆக்சிஜன் பீரை நனைந்த அட்டைப்பெட்டி வாசனைக்குக் கொண்டுபோகும்.

கலனை அகலமான தொட்டி நீரில் நிறுத்தி, உறையவைத்த 2 பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுவது செலவில்லாத வழி. பழைய ஃபிரிட்ஜும் அதைத் தானாக அணைத்துப் போடும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்தால் ராஜபோகம். உணரியைக் கலனின் பக்கச் சுவரில் ஒட்டி, மேலே பஞ்சுத்தாள் வைத்து மூடுங்கள். காற்றில் தொங்கவிட்டால் காற்றின் சூட்டைத்தான் காட்டும். மெல்பர்ன் குளிர்காலத்தில் பிரச்சினை தலைகீழ். கேரேஜில் வைத்த கலன் 14 டிகிரிக்குக் கீழே போனால் ஈஸ்ட் சுருண்டு படுத்துவிடும்.

டப்பா மூடியடியில் வரும் ஈஸ்ட் 7 கிராம். புதிதாக இருந்தால் போதும். கடை அலமாரியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்திருந்தால் பாதி செத்திருக்கும். காலாவதி தேதியைப் பார்த்தே வாங்குங்கள். பழைய டப்பாவில் சாறும் கறுத்து வெல்லப்பாகு நெடி ஏறியிருக்கும். நிச்சயம் வேண்டுமென்றால் சாஃப்ஏல் யூஎஸ்-05 போன்ற 11.5 கிராம் பொட்டலம் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். டப்பாவில் 'லாகர்' (குளிரில் நொதிக்கும் பீர் வகை) என்று எழுதியிருப்பதால் குளிரில் வைக்கவேண்டுமென்று அவசரப்பட வேண்டாம். ஒரிஜினல் வரிசை லாகர் டப்பாவோடு வருவது மிதமான சூட்டில் நொதிக்கும் ஏல் வகை ஈஸ்ட். 10 டிகிரியில் வைத்தால் அது அசையாது.

மூடியில் ஏர்லாக் (வாயுவைக் குமிழியாக வெளியே விடும் அடைப்பு) இல்லாததைப் பார்த்துப் பதற்றப்படுகிறவர்கள் உண்டு. வாயு மூடியின் விளிம்பு வழியே கசிந்து வெளியேறும்படி வடிவமைத்திருக்கிறார்கள். குமிழியை எண்ணி ஏமாறுவதைவிட இதுவே மேல். நுரை வளையம் 12 முதல் 24 மணி நேரத்தில் பொங்கும் பழுப்பு நுரையைத் தாங்குவதற்கு. இட்லி மாவு வழியாமலிருக்கப் பெரிய குண்டானில் வைப்பது போல. நுரை அடங்கியதும் வளையத்தை எடுத்துவிடலாம் என்பார்கள். மூடியைத் திறக்காமல் அப்படியே விடுவது எங்கள் பரிந்துரை.

5 முதல் 7 நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். 14 நாள் விடுங்கள். தோல் பச்சை மாறாத ஆப்பிள் வாடை இருந்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். அந்த வாடைக்குக் காரணமான அசெட்டால்டிஹைடை ஈஸ்டே திரும்ப எடுத்துக்கொள்ளும். முடிந்ததா என்று சொல்லவேண்டியது நாள்காட்டி அல்ல, ஹைட்ரோமீட்டர். குழாயில் வரும் முதல் மடக்கைக் கொட்டிவிட்டு, குப்பியை நிரப்பி, மீட்டரை ஒரு சுழற்றுச் சுழற்றி ஒட்டியிருக்கும் குமிழிகளை உதிர்த்துப் படியுங்கள். என்ஹான்சர் 1 போட்டால் தொடக்க ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.038 அருகில் இருக்கும், முடிவு 1.008 அருகில். முழு மால்ட் என்றால் முடிவு 1.012 வரை நிற்கலாம். எண் 2 நாள் இடைவெளியில் மாறாமல் நின்றால்தான் பாட்டில். ஆல்கஹால் கணக்கு: 1038லிருந்து 1008 போக 30, அதை 7.46ஆல் வகுத்து, பாட்டில் சர்க்கரைக்கு 0.5 கூட்டினால் சுமார் 4.5 சதவீதம். எண் 1.020இல் மாட்டிக்கொண்டால் கலனை 21 டிகிரிக்கு ஏற்றி, மூடியைத் திறக்காமல் மெல்லச் சுழற்றி ஈஸ்டை எழுப்புங்கள்.

இந்த எண்ணில் அலட்சியம் வேண்டாம். 740 மில்லி பாட்டிலுக்கு 2 சர்க்கரை உருண்டை, அதாவது லிட்டருக்கு சுமார் 8 கிராம். நொதியாமல் மிச்சமிருக்கும் ஒவ்வொரு 0.001க்கும் பீரின் கொள்ளளவில் பாதி அளவு வாயு கூடும். 0.004 பாக்கியிருக்கும்போது அடைத்தால் உருண்டை தருகிற அளவு வாயு இன்னொரு மடங்கு சேரும். பெட் பாட்டில் கல்லாக இறுகி எச்சரிக்கை தரும். கண்ணாடி வெடிக்கும். முதல் வருடம் கண்ணாடிக்குப் போகவேண்டாம் என்பது இதனால்தான். பழுப்பு நிறமும் காரணத்தோடுதான்: வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றம் எடுக்கும்.

நிரப்பும் குச்சி இந்தக் கிட்டின் நல்ல கண்டுபிடிப்பு. நுனியில் உள்ள வால்வு பாட்டிலின் அடியைத் தொட்டால் திறக்கும், தூக்கினால் மூடும். வாய் வரை நிரப்பிக் குச்சியை எடுத்தால் தேவையான இடைவெளி தானாக வந்துவிடும். உருண்டையை முதலிலேயே போட்டுவிடுங்கள். நிறைந்த பாட்டிலில் போட்டால் சில சமயம் நுரைத்துக்கொண்டு வரும். மூடி இறுக்கி 18 டிகிரிக்குக் குறையாத இருட்டில் 2 வாரம். அமுக்கினால் உள்ளே போகாத பாட்டில் தயார். ஒரு மாதம் பொறுத்தால் சுவை இன்னும் உருண்டு வரும்.

சட்டம் பற்றி இரண்டு வரி. ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பீர் போடலாம், வரி கிடையாது. விற்கக்கூடாது, காய்ச்சி வடித்துச் சாராயம் இறக்குவது தனிக் குற்றம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி எந்த மதுவும் தயாரிக்க முடியாது, ஆகவே ஊருக்கு வரும்போது பெட்டியைக் கொண்டுவராதீர்கள்.

இரண்டாவது தடவைக்கு ஈஸ்ட் வாங்கக்கூட வேண்டாம். கூப்பர்ஸ் பேல் ஏல் பாட்டிலின் அடியில் கலங்கலாகக் கிடப்பது உயிருள்ள ஈஸ்ட். 3 பாட்டிலை மேலோட்டமாக ஊற்றிக் குடித்துவிட்டு அடி வண்டலைச் சேருங்கள். 50 கிராம் மால்ட் பொடியை 500 மில்லி நீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, 20 டிகிரிக்கு ஆறியதும் சுத்தமான ஜாடியில் வண்டலோடு கலந்து, வாயைத் தளர்வாக மூடி, போகிற வருகிற நேரமெல்லாம் குலுக்குங்கள். 3, 4 நாளில் அடியில் வெண்மையான படலம் தடிக்கும். அதை அப்படியே 23 லிட்டரில் ஊற்றிவிடலாம்.