மகனுக்கு 24 வயது முடிந்துவிட்டதா? வரிக் கணக்கு போட்டுத் தருபவரிடம் ஏமாறாதீர்கள்!

நியூ ஜெர்சியில் இருக்கும் நம்மவர்கள் தயவுசெய்து படியுங்கள். 625 டாலரைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

மளிகைக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து டாக்ஸ் போட்டுக் கொடுப்பவர். தமிழர். போனவுடன் சொந்த ஊர் எது என்று விசாரித்தார், காபி வரவழைத்தார். அங்கேயே விழுந்துவிட்டோம். எங்கள் மகன் 2024 மே மாதம் முதுகலை முடித்தான். ஜூனில் வேலை, டிசம்பருக்குள் 38,000 டாலர் சம்பளம். "நவம்பரில் அவனுக்கு 24 முடிந்துவிட்டதே, எங்கள் வரிக் கணக்கில் எங்களைச் சார்ந்தவனாக (dependent) காட்டலாமா?" என்று என் மனைவி அப்போதே கேட்டாள். மகனின் பாஸ்போர்ட் நகலில் பிறந்த தேதிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, "வருடம் தொடங்கும்போது 23தானே அக்கா! ஐந்து மாதம் படித்திருக்கிறான், போதும்" என்றார். நானும் மனைவியைத்தான் அடக்கினேன். அந்தக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சார்ந்தவருக்கான 500, படிப்புச் செலவுக்கான 2,000, ஆக 2,500 டாலர் வரி குறையும், அதில் கால்வாசி தன் கூலி என்றார். 625 டாலரை ரொக்கமாக வாங்கிக்கொண்டார்.

பிறகு மகன் தன் வரி ரிட்டர்னை அனுப்பினான். அவன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை ஏற்கெனவே வேறொருவர் காட்டியிருப்பதாகத் திரும்பி வந்துவிட்டது. மாடிக்காரரை அழைத்தேன். "கம்ப்யூட்டர் கோளாறு, தானாகச் சரியாகும்." அடுத்த வாரம், "சீசன் முடியட்டும் அண்ணா." அதன்பின் போனையே எடுப்பதில்லை. நேரில் போனால், அதே மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு, "கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?" என்கிறார். ரிட்டர்னைப் புரட்டிப் பார்த்தேன். தயாரித்தவர் கையெழுத்திட வேண்டிய இடம் காலி!

இன்று காலை திருத்த ரிட்டர்ன் அனுப்பி 2,500 டாலரைத் திருப்பிக் கட்டினேன். அது எங்களுக்கு உரிய பணமே அல்ல, கட்டியதில் வருத்தமில்லை. அந்த 625 எங்கள் உழைப்பு. படிப்புச் சலுகையை இனி மகன் தன் பெயரில்தான் கேட்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. டிசம்பர் 31 அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. முழுநேர மாணவனாக இருந்தாலும் அன்று 24க்குக் கீழே இருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால், 2024க்கு அவன் வருமானம் 5,050 டாலருக்குக் குறைவாகவும், செலவில் பாதிக்கு மேல் நீங்கள் தாங்கியதாகவும் இருக்க வேண்டும். மிச்சப்படும் வரியில் பங்கு கேட்பவரிடம் போகாதீர்கள். கையெழுத்தும், ரிட்டர்ன் தயாரிப்பவருக்கு வரித்துறை தரும் பிடின் (PTIN) எண்ணும் போடாதவருக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள்.

அந்த மாடிக்காரர்மேல் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் புகார் அனுப்பப் படிவம் 14157ஐ எடுத்து வைத்திருக்கிறேன். இன்று இரவே நிரப்பிவிடுவேன்.