கறுத்த பாரக்கல்: எக்ஸ்-கதிர்க் கருவியை நம்புவதா, தண்ணீர்த் தராசை நம்புவதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணக்கல் என்பதால், தோட்டக்காணியைக் கொத்தும்போது கறுத்துப் பாரமாக, காந்தத்தில் ஒட்டுகிற கல்லொன்று அகப்பட்டால், அது அந்தப் பாறையில் உருவானதல்ல என்று கொள்ளலாம். கொல்லன் பட்டறைக் கசடாகவோ, வெளியிலிருந்து வந்த இரும்புத் தாதாகவோ, பலரும் ஆசைப்படுவதுபோல் விண்கல்லாகவோ அது இருக்கக்கூடும். இவை மூன்றுமே காந்தத்தில் ஒட்டக்கூடியவை என்பதால் காந்தச் சோதனை இவற்றைப் பிரித்துக் காட்டாது. (விண்கல் என்ற ஐயம் இருந்தால் வலிய காந்தத்தை அருகில் கொண்டுபோகாதிருப்பதே நல்லது, கல்லில் பதிந்துள்ள பழைய காந்தத் தடத்தை அது அழித்துவிடும்.)

பொன்னின் மாற்றுப் பார்க்க நகைக்கடைகள் வைத்திருக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி ‘இரும்பு 98 வீதம்’ என்று காட்ட, தண்ணீரில் நிறுத்துப் பார்த்த கணக்கு அதை மறுக்கும்போதே குழப்பம் தொடங்குகிறது. காற்றில் 520 கிராம் நிறையுள்ள கல், நூலில் கட்டித் தண்ணீரில் முழுதாக அமிழ்த்தியபோது 418 கிராம் காட்டினால், நிறையில் 102 கிராம் குறைந்திருக்கிறது; கல் விலக்கிய தண்ணீரின் நிறை அது. ஆகவே 520-ஐ 102-ஆல் வகுக்க, அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 5.1 மடங்கு. அது முழு இரும்பாயின் 66 கிராம் மட்டுமே குறைந்திருக்கும். கிணற்றுநீர் சற்றுச் சவராக இருந்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வராது.

இங்கே நான் தண்ணீரையே நம்புவேன். கலப்புலோகத்துக்கென அமைக்கப்பட்ட கருவி ஒட்சிசனைக் காண்பதில்லை. கண்ட உலோகங்களை மட்டும் கூட்டி நூறாக்கிவிடுகிறது. இந்த அடர்த்திக்கு நெருங்கி வரும் மக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதில் இரும்பு உண்மையில் 72 வீதந்தான், மீதி ஒட்சிசன் என்றாலும், அத்தகைய கருவிக்கு அது ஏறக்குறைய தனி இரும்பாகவே தோன்றும். போதாததற்கு, கருவி பார்ப்பது துருப்பிடித்த மேற்தோலை. தண்ணீர் அளப்பது முழுக் கல்லை. தரை ஓட்டின் மெருகிடாத பின்புறத்தில் கல்லை உரசும்போது விழும் கோடு கறுப்பாயின் மக்னடைட் என்ற முடிவு வலுப்பெறும்; செம்பழுப்பாயின் ஹேமடைட் என்ற மற்றோர் இரும்புத் தாதை நினைக்கவேண்டும்.

அடர்த்தி 3.5 அளவில் நின்றால் கதை மாறும். காற்றுக்குமிழி நிறைந்த கசடும், சாதாரண கல்வகை விண்கல்லும் அந்த எல்லைக்குள் வரக்கூடும் என்பதால் அங்கே தராசு கைவிட்டுவிடும். நிக்கலைத் தேடும் எக்ஸ்-கதிர்க் கருவிக்கே அப்போது மதிப்பு. கல்வகை விண்கல்லில் ஏறத்தாழ 1 வீதம் நிக்கல் இருக்கும், பட்டறைக் கசடில் பொதுவாக இராது. ஆனால் நிக்கலோடு குரோமியமும் 18 வீதமளவில் வந்தால் அது விண்கல்லின் அல்ல, மனிதர் செய்த துருப்பிடியா உருக்கின் அடையாளம்.

இதற்குப் பிறகும் முரண்பாடு நீடித்தால், ஒரு மூலையை அரத்தால் ராவி உட்பக்கத்தைத் திறந்து, வெள்ளியாய் மின்னும் உலோகமா மங்கிய கறுப்பா என்று பார்த்து, அந்தப் புதிய முகத்தையே தாதுக்களுக்கான அமைப்பில் கருவிக்குக் காட்டவேண்டும்.