எடை முள் நகர மறுத்தால்: பேரியாட்ரிக் ஆபரேஷனுக்குப் பிறகு எந்த வழி யாருக்கு?

"எடை நின்னுபோச்சு." எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரத்தில் இருப்பவரும் இதைத்தான் சொல்கிறார், மூன்றாவது வருடத்தில் இருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். முதலாமவர் செய்ய வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை. இரண்டாமவருக்கு மருந்தே தேவைப்படலாம். ஆனால் இருவருக்கும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும் யோசனை ஒன்றுதான்: "அஞ்சு நாள் வெறும் திரவ உணவுல இருங்க, இரைப்பை திரும்பச் சுருங்கிடும்." அந்த யோசனையையும் சேர்த்து, நடைமுறையில் இருக்கும் வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

காத்திருப்பதா, களத்தில் இறங்குவதா?

மூன்றாவது வாரத்து நிறுத்தம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். முதல் சில நாட்களில் உடம்பு கிளைகோஜன் இருப்பை, அதாவது கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தை, கரைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் ஒட்டியிருக்கும், அதுவும் சேர்ந்து வெளியேறும். அதனால்தான் தொடக்கத்தில் எடை மளமளவென்று இறங்குகிறது. பிறகு உணவு கொஞ்சம் உள்ளே போனதும் அந்த இருப்பு ஓரளவு நிரம்புகிறது, தண்ணீரும் திரும்புகிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும், மெஷின் மட்டும் காட்டாது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் வரும் நிறுத்தங்கள் வேறு. 110 கிலோவில் இருந்தவர் 80 கிலோவுக்கு வந்துவிட்டால், அதே தெருவில் அதே தூரம் நடக்க உடம்பு சுமப்பது 27 சதவீதம் குறைந்த பாரம். செலவும் அதற்கேற்பக் குறையும். போன மாதம் எடையை இறக்கிய அதே சாப்பாடு, இந்த மாதம் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. இங்கே எதையாவது மாற்றத்தான் வேண்டும். ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் கடந்த பிறகு நின்றால் அது பெரும்பாலும் தடங்கல் இல்லை, ஆபரேஷன் தரக்கூடிய எடைக் குறைப்பு அங்கே முடிந்திருக்கிறது என்று பொருள்.

நிஜமாகவே நின்றிருக்கிறதா என்று பார்க்க, வாரம் ஒரே நாள், காலையில் கழிவறை போய்வந்த பின், ஒரே மெஷினில் ஏறுங்கள். கூடவே தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப்பால் இடுப்பு, வயிறு, தொடை மூன்றையும் அளந்து எழுதுங்கள். நான்கு வாரம் எடையும் நகரவில்லை, டேப்பும் நகரவில்லை என்றால் மட்டுமே அது நிறுத்தம். மாதவிடாய் இருக்கும் பெண்கள் போன மாதத்து அதே நாளோடு ஒப்பிட வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஏறும் ஒன்றிரண்டு கிலோ வெறும் நீர்.

ஐந்து நாள் திரவ உணவு எதிர் கெட்டி உணவு

திரவ உணவில் இருந்தால் ஐந்து நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கத்தான் செய்யும். அதில் பெரும்பகுதி அதே கிளைகோஜன், தண்ணீர், காலியான குடல். ஆறாம் நாள் சாப்பிட்டதும் திரும்பி வரும். ஐந்து நாளில் இரைப்பை சுருங்குவதும் இல்லை. ஸ்லீவ் என்ற ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய்தான் மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது. அது தசையால் ஆன உறுப்பு, துவைத்தால் சுருங்கும் பருத்திச் சட்டை இல்லை.

இன்னொரு முரணும் உண்டு. மிச்சமிருக்கும் சின்ன இரைப்பை எந்த உணவைத் தடுத்து நிறுத்துகிறது, எதை வழுக்கிக்கொண்டு போகவிடுகிறது என்பதில்தான் இந்த ஆபரேஷனின் சூட்சுமமே இருக்கிறது. ஒரு துண்டு கோழிக்கறியை மென்று விழுங்கினால் அது கொஞ்ச நேரம் அங்கே உட்காரும், வயிறு நிறையும். ரசம் சாதம், கஞ்சி, கரைத்த தயிர் சாதம், பாயசம், ஐஸ்கிரீம் இவை நிற்காமல் இறங்கிவிடும். முறுக்கும் மிக்ஸரும் கையில் மொறுமொறு என்றிருந்தாலும் வாயிலேயே கூழாகி இதே கூட்டத்தில் சேர்ந்துவிடும். "ரெண்டு இட்லிக்கு மேல இறங்கல, ஆனா எடை ஏறுது" என்பவரிடம் சாயங்காலம் நான்கு மணிக்கு என்ன நடக்கிறது என்று கேட்டால் பல நேரம் விடை அங்கே கிடைக்கும். எளிதாக வழுக்கிப் போகும் திரவத்தையே மருந்தாகக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

எதிர்ப் பக்கத்தில் இருக்கும் வழி சுவாரசியம் இல்லாதது: ஏழு நாள் எழுதுவது, சமையலறைத் தராசில் நிறுப்பது, புரதத்தை முதலில் சாப்பிடுவது. தினம் 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. கீழே உள்ளவை தோராயமான அளவுகள்:

| உணவு | கலோரி | புரதம் |
|---|---|---|
| வேகவைத்த முட்டை 2 | 145 | 12 கிராம் |
| மிக்ஸர் 30 கிராம், ஒரு கைப்பிடி | 160 | 4 கிராம் |
| பன்னீர் 50 கிராம் | 145 | 9 கிராம் |
| வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராம் | 165 | 9 கிராம் |
| இட்லி 2 | 110 | 4 கிராம் |

அட்டவணையின் கலோரி வரிசையைப் பாருங்கள், எல்லாம் பக்கத்துப் பக்கத்து எண்கள். வித்தியாசம் புரத வரிசையில்தான். காலை இரண்டு முட்டை (12), பதினோரு மணிக்கு 200 மி.லி. பாலில் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் (சுமார் 30), மதியம் 75 கிராம் வெந்த மீன் (16), மாலை 50 கிராம் பன்னீர் (9), இரவு 20 கிராம் சோயா உருண்டையை ஊறவைத்துச் செய்த குருமா (10) என்று போனால் 77 கிராம் வந்துவிடும். சைவர்களுக்குக் கடினம்தான். சாம்பாரில் இருக்கும் பருப்பை நம்பி இருந்தால் எட்டாது. சோயாவும் பன்னீரும் பவுடரும் இல்லாமல் 60-ஐத் தொடுவது அரிது. பால் குடிக்கச் சொன்னார்கள் என்று மால்ட் பானத்தைக் கலந்து குடிப்பவர்கள் டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை அளவைப் படிக்க வேண்டும்.

தட்டில் வரிசையும் மாற வேண்டும். முதலில் முட்டை, மீன் அல்லது பன்னீர், அடுத்து பொரியல், கடைசியில் இடம் இருந்தால் இரண்டு கரண்டி சோறு. இருபது முப்பது நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் தண்ணீர் வேண்டாம், ரசமும் மோரும்கூட வேண்டாம். அவை உட்கார்ந்த உணவைக் கழுவி இறக்கிவிடும், ஒரு மணி நேரத்தில் பசிக்கும். நாளின் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீரை இடைவேளைகளில் மடக்கு மடக்காக முடிக்க வேண்டியதுதான்.

தவறும் இடங்கள் இரண்டு. ஒன்று காபி: பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளர் 100 கலோரி பக்கம் வரும், நாளைக்கு நான்கு என்றால் 400. இன்னொன்று எண்ணெய். நான்கு பேர் வீட்டில் ஒரு லிட்டர் பாக்கெட் ஒரு வாரத்தில் காலியானால், தலைக்கு ஒரு நாளைக்கு சுமார் 36 மி.லி., அதாவது 290 கலோரி. அதை யாரும் "சாப்பிட்டேன்" என்று எழுதுவதில்லை.

நடையா, எடை தூக்குவதா?

80 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 140 கலோரி. மேலே அட்டவணையில் இருக்கும் கைப்பிடி மிக்ஸர் அதைத் தாண்டிவிடும். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் நல்லது, அதை நிறுத்தச் சொல்லவில்லை. நின்றுபோன எடைக்கு அது மட்டும் போதாது, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குப் பின் குறையும் எடையில் கால்வாசி வரை கொழுப்பில்லாத திசுவாக இருக்கக்கூடும், அதில் தசையும் அடக்கம். தசை போனால் சும்மா இருக்கும்போது எரியும் கலோரியும் குறையும். வாரம் இரண்டு மூன்று நாள், ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரெசிஸ்டன்ஸ் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒவ்வொரு கையிலும் பிடித்துக் குனிந்து நிமிர்வது. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாரத்தைக் கூட்டுங்கள். ஆபரேஷன் ஆகி முதல் ஆறு எட்டு வாரத்துக்குள் பாரம் தூக்க சர்ஜனைக் கேட்காமல் இறங்கக் கூடாது, தழும்பு வழியாகக் குடலிறக்கம் வரக்கூடும்.

ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் எடை அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறலாம். வலி எடுத்த தசை தண்ணீரைப் பிடித்துவைப்பதால் வருவது அது. பலர் அந்த வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே நடப்பவருக்கு இன்னும் அரை மணி நடையைக் கூட்டுவதைவிட, பாரம் தூக்குவதைச் சேர்ப்பதற்கே எங்கள் ஓட்டு.

இதற்கு மேல் போவதற்கு முன் மாத்திரைப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். இன்சுலின், கிளிமெபிரைடு, பியோகிளிட்டசோன், ஸ்டீராய்டு, ஒலன்சபைன், மிர்டசபைன், பிரீகாபலின், அட்டினலால் எல்லாம் எடையை ஏற்றவோ பிடித்துவைக்கவோ கூடியவை. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். தைராய்டு, பி12, இரும்பு, விட்டமின் டி ரத்தப் பரிசோதனையும் இந்தக் கட்டத்தில்தான். மதுவும் வழுக்கிப்போகும் கலோரிதான், ஆபரேஷனுக்குப் பின் போதையும் சீக்கிரம் ஏறும்.

ஊசியா, மறு ஆபரேஷனா?

ஒன்றரை வருடம் தாண்டி, மேலே சொன்னதெல்லாம் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நகரவில்லை, அல்லது பழைய பசி திரும்பி எடை ஏறுகிறது என்பவர்களுக்கே இந்தக் கேள்வி. அவர்களை "வாயைக் கட்டு" என்று திட்டுவதில் பயனில்லை. பசி ஹார்மோன்களின் வேலை அது.

இந்தியாவில் டிர்செபடைடு (மௌஞ்சாரோ) 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாகுளூடைடு (வீகோவி) அதே ஆண்டு ஜூனிலும் வந்தன. இரண்டும் பசியைக் குறைக்கும் மருந்துகள், வாரம் ஒரு ஊசி. முதலாவது 2.5 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரம் கழித்து 5-க்குப் போகும், உச்சம் 15. இரண்டாவது 0.25-இல் தொடங்கிப் படிப்படியாக 2.4 வரை. நேருக்கு நேர் வைத்த 72 வார ஆய்வில் டிர்செபடைடு சராசரியாக 20.2 சதவீதமும் செமாகுளூடைடு 13.7 சதவீதமும் எடையைக் குறைத்தன. ஆனால் அந்த எண்களை ஸ்லீவ் செய்தவர் அப்படியே தன் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது, அது ஆபரேஷன் செய்தவர்களை வைத்து நடத்திய ஆய்வு அல்ல. ஆபரேஷனுக்குப் பின் போதிய எடை குறையாதவர்களிடம் லண்டனில் இதே வகையைச் சேர்ந்த லிராகுளூடைடு 3 மி.கி. தினசரி ஊசியைச் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். 24 வாரத்தில் ஊசி போட்டவர்களுக்கு 8.8 சதவீதம், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 0.5 சதவீதம் குறைந்தது. 70 பேர் கொண்ட சின்ன ஆய்வுதான், இருந்தாலும் திசை தெளிவாக இருக்கிறது.

ஊசியின் பலவீனம், நிறுத்தினால் எடை பெரும்பகுதி திரும்புவது. மாதாமாதம் பணமும் தேவை. சின்ன இரைப்பையோடு ஊசியின் குமட்டலும் சேர்ந்தால் சிலருக்குச் சாப்பாடே இறங்காது, புரதம் 30 கிராமுக்குச் சரியும், எடையோடு தசையும் போகும். டோஸை அவசரமாக ஏற்றுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் தையமின் (விட்டமின் பி1) குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடாது. கருத்தரிக்க நினைப்பவர் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கக்கூடும்.

மறு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது, அதாவது இரைப்பையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது. இதற்கு மிக உறுதியான காரணம் எடை அல்ல, மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சலும் அமில எதுக்களிப்பும். அந்தத் தொல்லையும் சேர்ந்து இருப்பவருக்கு ஊசியைவிட பைபாஸே பொருத்தம், ஊசியால் எதுக்களிப்பு இன்னும் கூடவும் வாய்ப்புண்டு. எடைக்காக மட்டும் என்றால் முதல் ஆபரேஷன் அளவுக்குப் பலன் எதிர்பார்க்கக் கூடாது, கசிவு போன்ற சிக்கல்களும் முதல் முறையைவிட அதிகம். ஸ்லீவையே மீண்டும் ஒருமுறை குறுக்குவது எங்களுக்கு ஒப்புதல் இல்லாத வழி. இரைப்பையின் அழுத்தம் கூடும், எதுக்களிப்பு மோசமாகும்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. இரைப்பையும் குடலும் சேரும் வாய் நாளடைவில் விரிந்திருந்தால், எண்டோஸ்கோப்பி வழியாகவே ஆர்கான் வாயுவால் சுட்டோ தையல் போட்டோ அதைக் குறுக்கலாம். வயிற்றில் வெட்டு இல்லை. ஆனால் வாய் விரியவில்லை என்றால் இதில் குறுக்க ஒன்றுமில்லை. ஆகவே எண்டோஸ்கோப்பியோ பேரியம் எக்ஸ்ரேயோ எடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் "மாத்திடலாம்" என்று தேதி குறிப்பவரிடம் இன்னொரு கருத்துக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இரண்டாவது சர்ஜனைப் பார்க்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முதல் மருத்துவமனையில் ஆபரேஷன் நோட்ஸ் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஸ்லீவ் என்றால் எத்தனை ஃபிரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அலகு) அளவுக் குழாயை உள்ளே வைத்து இரைப்பையைத் தைத்தார்கள், பைபாஸ் என்றால் எத்தனை சென்டிமீட்டர் குடலைத் தாண்டி இணைத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதோடு ஏழு நாள் உணவுக் குறிப்பு, இன்ச் டேப் அளவுகள், போடும் மாத்திரைகளின் பட்டியல்.