ஒரே கேபிளில் இரண்டு நெட்வொர்க்: சேலத்துச் சர்வர் அறையில் ஏழு ஆண்டுகள்

சேலம் ஐந்து ரோடு அருகே உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் சர்வர் அறை என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே 2016இல், சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் டேட்டா நெட்வொர்க்கையும், அவை தரவுச் சேமிப்புப் பெட்டியை எட்டும் ஸ்டோரேஜ் நெட்வொர்க்கையும் ஒன்றாக்கினோம். அதற்கு முன் 12 சர்வர்களில் ஒவ்வொன்றுக்கும் நான்கு ஈதர்நெட் கேபிள்களும் ஸ்டோரேஜுக்கே உரிய ஃபைபர் சேனல் நெட்வொர்க்கின் இரண்டு கேபிள்களுமாக மொத்தம் 72 கேபிள்கள் தொங்கின. சர்வர்களை அடுக்கிய ரேக்கின் பின்கதவு ஒருநாளும் முழுதாக மூடியதில்லை. இப்போது சர்வருக்கு இரண்டே 10 கிகாபிட் கேபிள்கள் என 24 போதும். பழுது பார்க்கும்போது எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று தேடும் வேலை ஒழிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

ஃபைபர் சேனல் ஃப்ரேமை (தரவுப் பொட்டலத்தை) அப்படியே ஈதர்நெட் ஃப்ரேமுக்குள் வைத்து அனுப்பும் எஃப்சிஓஇ (FCoE) முறையைத்தான் பயன்படுத்துகிறோம். அந்த ஃப்ரேம் 2148 பைட் வரை நீளும் என்பதால் வழக்கமான 1500 பைட் அளவு போதாது. ஈதர்நெட் ஃப்ரேம் சுமக்கக்கூடிய உச்ச அளவான எம்டியூவைக் (MTU) கூட்டியே ஆக வேண்டும். இதைவிட முக்கியமானது, நெரிசல் வந்தால் ஃப்ரேமைக் கீழே போட்டுவிடும் ஈதர்நெட்டின் இயல்பை ஸ்டோரேஜ் பொறுத்துக்கொள்ளாது என்பது. ஆகவே, எட்டு முன்னுரிமை வகுப்புகளில் ஸ்டோரேஜுக்கு உரியதை மட்டும் சற்று நிறுத்திவைக்கும் பிஎஃப்சி (PFC) என்ற ஏற்பாடு தேவைப்படுகிறது.

எங்களை அலைக்கழித்ததும் அந்த ஏற்பாடுதான். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் காலை, புறநோயாளிகள் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், ஸ்கேன் படங்கள் திரையில் வரவே நிமிடக்கணக்கில் ஆயின. ஒரு ஃப்ரேம்கூட விழவில்லை என்று ஸ்விட்ச் காட்டியது. ஸ்டோரேஜும் நலமாக இருப்பதாகவே சொன்னது. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி பழுதாகி நின்றால் அடிவாரம் வரை வண்டிகள் தேங்குமே, அதுபோல ஒரே ஒரு சர்வரின் பழுதான நெட்வொர்க் அடாப்டர் ஓயாமல் ‘பாஸ்’ (pause, அதாவது ‘சற்று நிறுத்து’) செய்தி அனுப்பியதால், தேக்கம் பின்னோக்கி ஏறி, அதே ஸ்டோரேஜ் போர்ட்டை நம்பியிருந்த மற்ற சர்வர்களையும் பிடித்துக்கொண்டது. பாஸ் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்று பிற்பகலில்தான் எங்களுக்கு உறைத்தது. நெட்வொர்க்கைப் பார்ப்பவரும் ஸ்டோரேஜைப் பார்ப்பவரும் அதுவரை தத்தம் திரையை மட்டும் பார்த்து, கோளாறு மற்றவர் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம் (அதில் நானும் ஒருவன்). கேபிளை இணைத்த நாங்கள் வேலைப் பங்கீட்டை இணைக்கத் தவறியிருந்தோம். மறுவாரம் முதல் பாஸ் எண்ணிக்கைக்கும் எச்சரிக்கை வைத்து, அதை இருவருக்கும் போகும்படி செய்தோம்.

ஏற்காட்டில் உள்ள எங்கள் கிளை மருத்துவமனைக்கு ஸ்டோரேஜில் உள்ள தரவின் ஒரு நகலை அனுப்ப நினைத்தபோது இந்த முறையின் எல்லை தெரிந்தது. எஃப்சிஓஇ ஃப்ரேமில் ஐபி முகவரி கிடையாது என்பதால் ரூட்டரைத் தாண்ட வழியில்லை. தொலைவு கூடக்கூட, நிறுத்தும் செய்தி போய்ச் சேர்வதற்குள் வந்து குவிவதைத் தாங்க ஸ்விட்ச்சில் பஃபரும் (தற்காலிக நினைவகமும்) கூட வேண்டும். எனவே நகல் மட்டும் ஐபி வழியாகப் போகிறது. இடிமழையில் இணைப்பு அறுந்தாலும், திரும்பி வந்ததும் விடுபட்டது மறுபடி போய்விடுகிறது.

இரண்டு நெட்வொர்க்கையும் நாங்கள் ஒன்றாக்கியது ரேக்கின் உச்சியில் உள்ள ஸ்விட்ச்சோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஸ்டோரேஜ் பெட்டிக்கு இன்றும் தனி ஃபைபர் சேனல்தான் ஓடுகிறது. அந்த அளவுக்குள் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த மாற்றத்துக்கு 25 கிகாபிட் ஈதர்நெட்டில், ஸ்டோரேஜ் தரவை ஐபி வழியாகவே அனுப்பும் ஐஸ்கஸி (iSCSI) போதும் என்றே நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சர்வருக்கு இரண்டு கேபிள் என்ற கணக்கை மட்டும் அதிலும் மாற்றவில்லை.